சமூக அறிவியல் ஆசிரியருக்கு ஓராண்டுத் திட்டம்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஸ்டாஃப் ரூமில் பயிற்சி என்று யாராவது வாயெடுத்தால் முதலில் எழும் கேள்வி "ஓ.டி. உண்டா?" (பணி நாளாகக் கணக்கில் வருமா என்பதுதான்), அடுத்தது "சாப்பாடு உண்டா?". என்ன பயிற்சி என்பது மூன்றாவதாகத்தான் வரும், சில சமயம் வராமலே போய்விடும். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படிக் கேட்டவன்தான். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் பயிற்சி வந்துகொண்டே இருக்கும். நமக்கு எப்போதாவது வரும், அதுவும் பெரும்பாலும் எல்லாப் பாடத்துக்கும் பொதுவான ஏதோ ஒன்றாக இருக்கும். நம் பாடத்துக்கென்று வேண்டுமானால் நாமே தேடிப் போக வேண்டியதுதான்.

நான் கடலூர் மாவட்டத்தில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். என் தங்கை புதுச்சேரி அரசுப் பள்ளியில் டி.ஜி.டி., அங்கே பட்டதாரி ஆசிரியருக்கு அதுதான் பெயர். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்தான், ஆனால் பாடத்திட்டம் வேறு, பயிற்சி முறை வேறு, சான்றிதழ் கணக்கு வேறு. பொங்கலுக்கு உட்கார்ந்தால் யார் பக்கம் மோசம் என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டைகளில் தேறியதையும், எட்டு பத்து வருடம் அங்கேயும் இங்கேயும் அலைந்து கற்றதையும் வரிசையாக எழுதுகிறேன். அலுவலக வழிகளை எல்லாம் சொல்லிவிடுகிறேன், ஆனால் என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: நம் பாடத்துக்கான ஆகச் சிறந்த பயிற்சி இந்தக் கடற்கரையிலேயே கிடக்கிறது. நான்காம் படிக்கு வரும்போது அதைப் பற்றி நிறையப் பேசுவேன்.

முதல் படி: எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்

நம் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. பி.ஏ. வரலாறு படித்தவரும் பி.எஸ்சி. புவியியல் படித்தவரும் ஒரே பணியிடத்துக்குத்தான் வருகிறார்கள். வந்த பிறகு வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் நடத்த வேண்டும். நான் வரலாறு. பத்தாம் வகுப்புக்கு அப்புறம் நிலவரைபடத்தைத் தொட்டதே கிடையாது. வேலைக்கு வந்த முதல் வருடம் பருவக்காற்றை விளக்கப் போய், கரும்பலகையில் அம்புக்குறிகளை நானே குழப்பிக்கொண்டு, மணி அடித்ததும் நிம்மதியாக வெளியே வந்தேன்.

சென்ற ஆண்டின் பாடக்குறிப்பு நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இதை நீங்களே படிச்சுக்கோங்க" என்று எந்தெந்தப் பாடத்தைத் தாண்டினீர்கள்? அதற்கெல்லாம் பென்சிலில் ஒரு சுழி. பிறகு காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். விஷயமே தெரியாமல் தாண்டியது ஒரு வகை. விஷயம் தெரிந்தும் எப்படி நடத்துவது என்று தெரியாதது இன்னொன்று. கருவியோ கணினியோ கைக்கு வராதது மூன்றாவது. ஓர் ஆண்டுக்கு ஒரு வகையை மட்டும் எடுங்கள். மூன்றையும் ஒன்றாகத் தூக்கினால் அரையாண்டுத் தேர்வுக்குள் மூன்றும் கீழே விழுந்திருக்கும்.

இரண்டாம் படி: கட்டாய மணிக்கணக்கை முதலில் முடியுங்கள்

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொடர் பணித்திறன் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டதால் அங்கே இது வெறும் அறிவுரையாக நிற்கவில்லை. வாரியம் 50 மணி நேரத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது: 25 மணி நேரம் சி.பி.எஸ்.இ. அல்லது அரசுப் பயிற்சி நிறுவனங்கள் வழியாக, மீதி 25 பள்ளிக்குள்ளேயோ பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தோ நடத்திக்கொள்வது. என் தங்கை இந்த இரண்டாவது 25-ஐ நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறாள். தலைமையாசிரியரிடம் ஜூலையிலேயே பேசி, "நம் பள்ளிப் பயிற்சியில் ஒரு நாள் சமூக அறிவியலுக்குக் கொடுங்கள், நான் நடத்துகிறேன்" என்று கேட்டு வாங்கிவிடுவாள். கேட்காவிட்டால் அந்த நாளும் ஏதாவது பொதுத் தலைப்புக்குப் போய்விடும்.

கடலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையப் பயிற்சி, அதற்கு மேலே வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், நாம் டயட் என்று சொல்வது. புதுச்சேரிக்காரர்களுக்கு டயட் லாஸ்பேட்டையில். வடலூருக்குப் போகிற நாளில் சாப்பாடு உண்டா என்ற கேள்வியே தேவையில்லை, வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலை அங்கேதான் இருக்கிறது. மதியம் அங்கே இலையில் உட்கார்ந்து எழுந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சமூக சீர்திருத்தப் பாடத்துக்கு உங்களிடம் சொல்ல ஒரு சொந்த அனுபவம் இருக்கும்.

இந்தப் பயிற்சிகள் சில நன்றாக இருக்கும், சில இருக்காது. ஒரு முறை இரண்டு நாள் பயிற்சியில் திரையில் ஓடியதை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் ஓர் ஆண்டு தப்பாக இருந்தது, சுட்டிக்காட்டியபோது "மேலிருந்து வந்தது சார்" என்று பதில் வந்தது. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன், அடுத்த முறை கருத்தாளராகப் போவது என்று. நீங்களும் முயன்று பாருங்கள். ஆசிரியர் பயிற்றுநரிடம் பெயர் கொடுத்து வையுங்கள், ஆள் கிடைக்காமல்தான் அவர்கள் திண்டாடுகிறார்கள். நாற்பது சக ஆசிரியர்கள் முன்னால் நிற்க வேண்டுமென்றால் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கும் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு விஷயம். பணியில் இருப்பவர்களும் அதில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் பலர் மீண்டும் கைடு வாங்கிப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் தாளில் 150-க்கு 60 மதிப்பெண் நம் பாடம்தான். அந்தப் படிப்பு தலைமேல் இருக்கிற ஆண்டில் இந்த வழிகாட்டியின் இரண்டு, நான்கு ஆகிய படிகளை மட்டும் செய்யுங்கள், மற்றவை காத்திருக்கட்டும்.

மூன்றாம் படி: இணையவழிப் படிப்பு, ஒரு நேரத்தில் ஒன்று

திக்‌ஷா எல்லோருக்கும் தெரியும், அரசின் இணையவழிக் கற்றல் தளம். நிஷ்டா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி 2019-இல் நேரடியாகத் தொடங்கி, கொரோனாவுக்குப் பிறகு அதன் வழியாகத்தான் வந்தது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன கதை எல்லோரிடமும் இருக்கிறது. அதில் சேரும் முன் ஒன்றே ஒன்று: உங்கள் பெயரும் இனிஷியலும் பணிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் மூன்று சான்றிதழில் இனிஷியல் பின்னால் ஒட்டிக்கொண்டு வேறு யாரோ ஒருவர் மாதிரி இருக்கிறேன்.

ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளம் 2017-இல் வந்தது. பல்கலைக்கழகத் தரத்தில் வரலாறு, பொருளியல், அரசியல் பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். என்னை மாதிரி வரலாறு படித்துவிட்டுப் பொருளியலில் தடுமாறுகிறவர்களுக்கு இது நல்ல இடம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும், முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், வசன வரிகளைப் போட்டுக்கொண்டு கேட்டால் மூன்றாம் வாரத்தில் பழகிவிடும்.

புவியியலுக்கு நான் கைகாட்டுவது டேராடூனில் இருக்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். இஸ்ரோவின் கீழ் வருவது. செயற்கைக்கோள் படங்கள், புவித் தகவல் முறை பற்றி இலவச இணையவழி வகுப்புகள் நடத்துகிறார்கள், வருகை சரியாக இருந்தால் சான்றிதழும் உண்டு. கெடிலம் கடலில் கலக்கிற இடத்தையும் தென்பெண்ணையின் முகத்துவாரத்தையும் வானத்திலிருந்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனால், டெல்டா என்ற சொல்லுக்குப் புத்தகத்துப் படம் தேவைப்படாது. பருவக்காற்று அம்புக்குறிகளும் எனக்கு அங்கேதான் நேரானது.

நான்காம் படி: காலடியில் கிடப்பதை வாசிக்கப் பழகுங்கள்

இந்தப் படிக்கு ஓ.டி. கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஆனால் நான் ஆசிரியராக மாறியது இதில்தான்.

முதலில் தோற்ற கதை. வேலைக்கு வந்த புதிதில் எட்டாம் வகுப்பை வேன் பிடித்து அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போனேன். அரியாங்குப்பம் தாண்டிக் காக்காயன்தோப்பு, மாந்தோப்பு, ஆறு, இடிந்த செங்கல் சுவர். பிள்ளைகள் சுற்றிப் பார்த்துவிட்டு "எங்க சார் இருக்கு?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் அந்தச் சுவரையே ரோமானியர் காலத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிற்காலத்துக் கிறித்துவ மிஷன் கட்டடத்தின் மிச்சம். ரோமானியரோடு நடந்த வணிகம் மண்ணுக்குள் கிடந்தது: 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டினார், 1947 முதல் 1950 வரை கசால், மறுபடி 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. ஆம்போரா ஜாடித் துண்டுகள், அரிட்டைன் வகைப் பானை ஓடுகள், கண்ணாடி மணிகள் என எடுத்ததெல்லாம் தோப்பில் இல்லை, அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் தனியாகப் போய் வாருங்கள். பிறகு பிள்ளைகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய்ப் பொருளைக் காட்டிவிட்டு, கடைசியில் இடத்துக்குப் போங்கள். அப்போது "எங்க சார்?" வராது, "இங்கயா சார்?" என்று வரும்.

சரி, இடங்களைப் பார்த்தாயிற்று, பயிற்சி என்பது என்ன? மூலச் சான்றை வாசிக்கும் முறை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் வரலாற்றுக் கல்விக்காக உருவாக்கிய பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றின் சாரம் நான்கு வேலை: யார், எதற்காக எழுதினார் என்று கேட்பது, அந்தக் காலத்துச் சூழலில் வைத்துப் பார்ப்பது, வேறு சான்றோடு ஒப்பிடுவது, சொல் சொல்லாக நிதானமாக வாசிப்பது. அவர்கள் லிங்கனை வைத்துச் செய்வதை நாம் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை வைத்துச் செய்யலாம். நமக்கு அது இன்னும் சுலபம், ஏனென்றால் தமிழிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் ஒரு முறை செய்ததை அப்படியே சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஆங்கிலேயரின் தலைமையிடம் நம் கடலூர்த் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தது, 1752 வரை இங்கேதான் இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்தவர்களில் இளம் கிளைவும் ஒருவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளே இந்தக் கோட்டையை விடவில்லை, 1746-க்கும் 1748-க்கும் இடையே பல முறை படை அனுப்பினார், பிடிக்க முடியவில்லை. 1748-இல் ஆட்டம் திரும்பியது, ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் போய்ப் புதுச்சேரியை முற்றுகையிட்டார், அவருக்கும் முடியவில்லை. இந்த இரண்டு வருடத்தைப் பாடநூல் சில வரியில் தாண்டிவிடும். ஆனால் புதுச்சேரிக்குள் துப்ளேவுக்குப் பக்கத்தில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, நின்ற பிள்ளை தமிழில் தினம் தினம் குறித்திருக்கிறார். இந்தப் பக்கம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களும் அச்சில் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு முற்றுகை நாளின் பதிவை எடுத்து ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள், சொற்களை மாற்றாதீர்கள், புரியாத சொல்லுக்கு ஓரத்தில் பொருள் போதும். அதே வாரத்து ஆங்கிலேயக் குறிப்பை எளிய தமிழில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, "நேற்று என்ன நடந்தது, யார் ஜெயித்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வரும். நிறுத்தாதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் தாளை மாற்றிக் கொடுங்கள். பிறகு, "பிள்ளை யாரிடம் சம்பளம் வாங்கினார்? யாரோடு வியாபாரம் செய்தார்? இதை யார் படிப்பார்கள் என்று நினைத்து எழுதியிருப்பார்?" என்று ஒவ்வொன்றாக. என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் "அப்ப நம்ம புஸ்தகத்தையும் யாரோ ஒருத்தர் பக்கம் நின்னுதான சார் எழுதியிருப்பாங்க?" என்று கேட்டான். அதற்கு நான் தயார் செய்துகொண்டு வரவில்லை. பாடக்குறிப்பில் அந்த நாளுக்கு நான் எழுதிய கற்றல் விளைவு வேறு.

இதே முறையில் செய்ய இந்தப் பக்கம் இன்னும் கொட்டிக் கிடக்கிறது. 1690-இல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவைதான் குண்டு கிராமங்கள், கடலூரும் அதற்குள்தான். ஒரு நிலப் பத்திரத்தைக் குண்டு போட்டு அளந்த கதையைக் கேட்டால் கணக்கு வாத்தியாரும் வகுப்பில் வந்து உட்காருவார். பாரதி புதுச்சேரியில் பத்தாண்டு இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி அடைபட்டது கடலூர்ச் சிறையில். 1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலனின் சிலையை அகற்றக் கோரி 1927-இல் நடந்த போராட்டத்தில் சிறை சென்ற அஞ்சலையம்மாள் கடலூர் முதுநகர்க்காரர். புதுச்சேரிப் பக்கம் கீழூர்: 1954 அக்டோபர் 18-இல் இந்தியாவோடு சேர்வதா என்று வாக்கெடுப்பு நடந்தது, வாக்களித்தவர்கள் 178 பேர், ஆதரவு 170, எதிர்ப்பு 8. அந்த 178 பேர் யார், ஊர் மக்கள் எல்லோரும் ஏன் வாக்களிக்கவில்லை, எதிர்த்த எட்டுப் பேரை நாம் எப்படிப் பார்ப்பது? ஒரு முழுக் குடிமையியல் வகுப்புக்கு இது போதும். இன்னும் பழையது வேண்டுமா? திருபுவனைக் கல்வெட்டில் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்லூரி ஒன்று வருகிறது, மாணவர்கள் 260, ஆசிரியர்கள் 12. அதாவது ஓர் ஆசிரியருக்கு 22 பேர்கூட இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 என்கிறது. இந்தக் கணக்கை அடுத்த பயிற்சியில் யாராவது அதிகாரி இருக்கும்போது சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினத்தில் சுனாமியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம். வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி எடுத்து வரச் சொல்வதே வாய்மொழி வரலாறுதான். கேள்விகளை முன்கூட்டி நீங்கள் பார்த்துக்கொடுங்கள், ஆளை இழந்த வீட்டில் என்ன கேட்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். நான் முதல் முறை அதைச் சொல்ல மறந்து, ஒரு பாட்டி அழுது, பையன் அடுத்த நாள் பள்ளிக்கே வரவில்லை.

ஐந்தாம் படி: ஆவணமும் நூலகமும்

வேறு மாவட்டத்துக்காரர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய விஷயம் இது. புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1955-இலிருந்து இருக்கிறது. அங்கே இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. கோவில் சிற்பங்களின் புகைப்படக் களஞ்சியம் ஒன்றும் உண்டு. துய்மா வீதியில் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளி. புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளைப் பாகூர் குப்புசாமி ஊர் ஊராகத் திரட்ட, அவை தொகுதிகளாக இந்த நிறுவனங்கள் வழியாகவே அச்சில் வந்தன. உங்கள் பள்ளி இருக்கும் கொம்யூனின், அதாவது ஊராட்சிப் பகுதியின், பெயரைத் தேடிப் பாருங்கள், பக்கத்துக் கோவிலே வந்து நிற்கலாம்.

இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் ஒன்றும் புதுச்சேரியில் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்களுக்கு அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளம், பதிவு செய்துகொண்டால் பழைய ஆவணங்களின் படிகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் மறக்காதீர்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகள், 1904 முதல் 1928 வரை வெளிவந்தவை, இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

போகும் முறை முக்கியம். திடீரென்று போய் நிற்காதீர்கள். என்ன பார்க்க வேண்டும் என்று நான்கு வரியில் எழுதி முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புங்கள், தலைமையாசிரியரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றும் கையில் இருக்கட்டும். "வரலாறு பற்றி எல்லாம் பார்க்கணும்" என்று போனால் யாராலும் உதவ முடியாது. "1748 முற்றுகை, எட்டாம் வகுப்புப் பாடத்துக்கு" என்று சொன்னால் நூலகர் உங்களுக்கு முன்னால் எழுந்து போய் எடுத்து வருவார். அந்த அளவுக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ரோமன் ரோலண்ட் நூலகமே தொடங்கப் போதும்.

ஆறாம் படி: ஐந்து பேர் சேருங்கள்

வாட்ஸ்அப் குழு வேண்டாம், அது இருநூறு பேரோடு காலை வணக்கத்தில் போய் முடியும். நேரில் சந்திக்கிற ஐந்து பேர் போதும். எங்களுடையது இரண்டாம் சனிக்கிழமை, மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் உள்ள வீட்டு மாடி. ஒருவர் தான் நடத்திய ஒரு வகுப்பைச் சொல்ல வேண்டும், அதுவும் சொதப்பிய வகுப்பாக இருந்தால் நல்லது. ஒருவர் ஏதாவது ஒரு சான்றைக் கொண்டு வர வேண்டும், பழைய பத்திரமோ, காசோ, தாத்தாவின் ரேஷன் கார்டோ எதுவாயினும் சரி. சங்க அரசியலும் இடமாறுதல் கலந்தாய்வும் டீ வந்த பிறகுதான் என்பது ஒரே விதி. அதை யாரும் கடைப்பிடித்ததில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் உருப்படியாகப் போய்விடும். இரண்டு பேராவது புதுச்சேரிப் பக்கத்துக்காரர்களாக இருப்பது நல்லது. சி.பி.எஸ்.இ.-யில் இப்போது ஆறாம் வகுப்பிலிருந்து வரலாறு, புவியியல், குடிமையியல் எல்லாம் ஒரே புத்தகமாக வந்துவிட்டது, நம் புத்தகம் இன்னும் அலகு அலகாகப் பிரிந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல படிப்பு. புதுச்சேரியில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையும் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது, அவர்கள் நடத்தும் கூடுகைகளுக்கும் போய்ப் பாருங்கள்.

ஏழாம் படி: வெளியூர்ப் பயிற்சிகள்

மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம், சி.சி.ஆர்.டி., 1979-இலிருந்து ஆசிரியர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது. தலைமையிடம் டெல்லி, ஹைதராபாத், உதய்ப்பூர், குவாஹாட்டி போன்ற இடங்களில் மண்டல மையங்கள். பொம்மலாட்டம், கைவினை, பாரம்பரியப் பாதுகாப்பு என்று பாடத்தோடு கலையைச் சேர்க்கிற பயிற்சி, பல மாநிலத்து ஆசிரியர்களோடு தங்கிச் செய்வது. நேரடியாகச் சேர முடியாது, துறைதான் பெயர் அனுப்ப வேண்டும். சுற்றறிக்கை முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு வந்து, பள்ளிக்கு வருவதற்குள் கடைசி நாள் முடிந்துவிடுவது உண்டு. எனவே அவர்கள் இணையதளத்தில் ஆண்டு அட்டவணையைப் பார்த்து, தலைமையாசிரியர் மூலம் விருப்பக் கடிதத்தை முன்பே கொடுத்து வையுங்கள். எனக்கு இரண்டு முறை தவறி மூன்றாம் முறைதான் கிடைத்தது.

மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம் என்.சி.இ.ஆர்.டி.-யுடையது, தென் மாநிலங்களும் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வரும். பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்புக்குப் புதுச்சேரியில் கிளை இருக்கிறது, பள்ளிகளில் பாரம்பரிய மன்றம் தொடங்கவும் ஆசிரியர் பட்டறைக்கும் அவர்களை அணுகலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு இணையாகத் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் உண்டு, பல இடங்களில் பெயர்ப் பலகையோடு நின்றுவிட்டது. மாநிலத் தொல்லியல் துறை 2024-இல் நம் மாவட்டத்து மருங்கூரில் அகழாய்வு செய்தது. அந்த மாதிரி வேலை பக்கத்தில் நடக்கும்போது அனுமதி கேட்டுப் போய் ஒரு நாள் குழி ஓரம் நின்று பாருங்கள், மண்ணடுக்கு என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வெளிநாடு என்றால் ஃபுல்பிரைட் திட்டங்களில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஆறு வாரப் பயிற்சி ஒன்று உண்டு, சமூக அறிவியலும் அதில் சேர்ந்த பாடம். இந்தியாவில் அமெரிக்க இந்தியக் கல்வி அறக்கட்டளை வழியாக அறிவிப்பார்கள், அந்தந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் மட்டும் பாருங்கள், இடைத்தரகர் யாரும் கிடையாது. ஆங்கிலத் தேர்வு, கட்டுரை, பாஸ்போர்ட், துறையின் தடையின்மைச் சான்று எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அதிக நாள் பிடிக்கும்.

எட்டாம் படி: மேற்படிப்பு

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், தொலைவழிக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ. சேரும் முன் துறை அனுமதி வாங்குங்கள், தொலைவழி என்றால் அந்த ஆண்டுக்கு யூ.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊக்க ஊதியக் கணக்குப் போட்டு எம்.ஏ. சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் பழைய ஊக்க ஊதிய உயர்வு முறை 2020-இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆசைக்காகப் படியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல புத்தகம் வாங்கலாம்.

ஒன்பதாம் படி: செய்ததை எழுதுங்கள்

டயட்டில் செயல் ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் தலைப்பு கேட்பார்கள். பெரும்பாலோர் யாரோ செய்ததைப் பெயர் மாற்றிக் கொடுக்கிறார்கள். நான்காம் படியில் செய்ததையே கொடுங்கள்: ஒரு சான்றை வைத்து நடத்திய வகுப்பு, நடத்தாத வகுப்பு, முன்னும் பின்னும் பிள்ளைகள் எழுதிய பதில்கள். அடுத்து தமிழ்நாடு வரலாற்றுப் பேரவையின் ஆண்டு மாநாடு, பள்ளி ஆசிரியர்களும் உறுப்பினராகிக் கட்டுரை வாசிக்கலாம். நான் முதல் முறை வாசித்தபோது அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் அடுத்து வாசிக்கக் காத்திருந்தவர்கள். ஆனால் ஒரு பேராசிரியர் கட்டுரையில் இருந்த ஓர் ஊர்ப் பெயரைத் திருத்திக் கொடுத்தார், பதினைந்து வருடமாக வகுப்பில் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

பத்தாம் படி: கோப்பு

சான்றிதழ் வந்த அன்றைக்கே இறக்கி, ஆண்டு, பயிற்சி, மணி நேரம் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே போட்டு மின்னஞ்சலில் ஒரு படி, போனில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. போன நாளுக்கு வருகைச் சான்று வாங்காமல் பயிற்சிக் கூடத்தைவிட்டு நகராதீர்கள், பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள். கடைசி மணி நேரத்தில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு முறை விட்டுவிட்டேன், அந்த ஒரு நாள் தற்செயல் விடுப்பில் (சி.எல்.) கழிந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் ஜூனில் பாடக்குறிப்பில் சுழி, ஜூலையில் தலைமையாசிரியரிடம் பேச்சும் விருப்பக் கடிதமும், காலாண்டு விடுமுறையில் நூலகம், அரையாண்டு விடுமுறையில் தனியாகக் களப் பயணம், ஜனவரியில் பிள்ளைகளோடு, ஏப்ரலில் எழுதும் வேலை. மே மாதம் அரிக்கமேட்டுக்குப் போகாதீர்கள், வெயில் ஆளைக் கொன்றுவிடும்.